“வெறும் பி.ஏ.வா?” – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. அரசு கலைக் கல்லூரியில் வரலாறு, பொருளியல் இரண்டுமே கிடைக்கும்போல் இருக்கிறது. டீச்சர் ஆக ஆசைப்படுகிறாள். எதில் சேர்ப்பது? – ஒரு தந்தை, அரியலூர்

டீச்சர்தான் என்றால் வரலாறு. பள்ளியில் ‘சமூக அறிவியல்’ என்று ஒரே புத்தகம் இருந்தாலும், பட்டதாரி ஆசிரியர் தேர்வில் அந்தப் பாடத்துக்கு வரலாறு, புவியியல் படித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். பொருளியல் என்றால் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து மேல்நிலை வகுப்புக்குப் போகலாம். வழி கொஞ்சம் நீளம். இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் என் மேஜை முன்னால் வந்து விழித்த பிள்ளைகள் உண்டு. குரூப் 2க்கு எந்தப் பட்டமானாலும் சரி.

தமிழ்வழியில் பி.ஏ. படித்தால் மதிப்புக் குறைவா? – மாணவர், சிவகங்கை

அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் இருக்கிறதே! ஆனால் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ்களை இப்போதே வாங்கிவையுங்கள். விண்ணப்பிக்கும்போது பழைய பள்ளிக்கு ஓடினால் தலைமையாசிரியர் லீவில் இருப்பார்.

பிளஸ் டூ முடிக்கவில்லை. திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கலாமா?

வேண்டாம். தமிழக அரசு வேலைக்குப் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை கட்டாயம். முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதுங்கள்.

பக்கம் பக்கமாக எழுதியும் 75க்கு 32தான் வருகிறது. ஏன்? – மாணவி, விழுப்புரம்

பல வருஷம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். ‘அரசியல் காரணங்கள்’, ‘பொருளாதாரக் காரணங்கள்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே எல்லாத் தாளிலும் அதே நோட்ஸ் வரிகள். பத்தாவது தாளுக்கு மேல் கண் வரிகளில் நிற்காது.

ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி நிலவரி முறை பற்றிக் கேள்வி என்று வையுங்கள். அதைப் பரப்பிய தாமஸ் மன்றோ 1820இல் சென்னை கவர்னர் ஆனார் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழவரிடமே அரசு நேராக வரி வாங்கியது, விளைச்சல் பொய்த்தாலும் கிஸ்தியைப் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது, அதனால் உழவர்கள் வட்டிக்குக் கடன் கொடுப்பவர் வாசலுக்குப் போனார்கள் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டு போங்கள். அப்படி எழுதிய தாளை நான் இரண்டாம் முறை படித்திருக்கிறேன்.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு சொல்லுங்கள். – அதே மாணவி

உங்கள் மாவட்டத்திலேயே புதையல் இருக்கிறது: இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அப்படிப் போன ஊர்களில் அதுவும் ஒன்று. கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம் மற்றவை. 1930களிலும் பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

நூறு வருஷத்துக்கு முன் அந்த மாணவர்கள் கேட்டதையே நீங்களும் கேளுங்கள்: நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே? முழு ஊரும் வேண்டாம், ஒரு தெரு போதும். எடுத்த எடுப்பில் கேள்வித்தாளை நீட்டாதீர்கள், ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்.