மூட்டையைக் கட்டுவது யார்?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் வேன் பிடித்து, ஹங்வெல்லவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்ப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஒன்பது வயதில் மகள், நாலு வயதில் மகன், சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடும் என் அம்மா, நான், மனைவி. மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். போன வருடம் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனபோது வீட்டில் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று முழுக்கச் சண்டை. இந்த முறை பிள்ளைகள் இருவருக்கும் எனக்கும் நீச்சல் உடுப்பு வாங்கியாகிவிட்டது. எதையெல்லாம் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நீங்கள் எழுதினால் அவள் கேட்பாள்.
– வாசகர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: எதை விடலாம் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த முறை மூட்டையை நீங்கள் கட்டுங்கள். உதவிக்கு நிற்பதைச் சொல்லவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் கையாலேயே கட்டுங்கள்.

உங்கள் மனைவி ஏன் இவ்வளவு எடுத்து வைக்கிறார் என்று யோசித்தீர்களா? போன இடத்தில் பிள்ளைக்குத் துவாய் வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்பீர்கள். அம்மாவுக்குத் தலையிடி வந்தால் "பனடோல் இருக்கா?" என்று அவர் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். ஒன்று இல்லாமல் போனால் பழியும் அவருக்குத்தான். அப்படி இருக்கும்போது எதை நம்பி அவர் ஒரு சாமானை வீட்டில் விட்டு வருவார்? பயத்தில் கட்டுகிற மூட்டை பெரிசாகத்தான் இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் லயத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு ட்ரிப் போனோம். அம்மா இரவெல்லாம் விழித்திருந்து சமைத்தார். உள்ளே போனதும் எல்லாருடைய மூட்டையையும் அந்தப் பெரிய ஜாவா அத்தி மரத்தடியில் போட்டுவிட்டு, "நீ கொஞ்சம் பார்த்துக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஓர்கிட் இல்லத்தையும் வரிசையாக நிற்கும் பனைகளையும் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அம்மா அன்று பார்த்தது அந்த மரத்தை மட்டும். திரும்பி வரும் வழியில் "எப்படி இருந்திச்சி?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் பேராதனைக்குப் போகவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த மரத்தடிதான் ஞாபகம் வந்தது. ஆறு நாளும் பிரட்டுக்குப் போய், முதுகில் கூடை சுமக்கிறவர் உங்கள் மனைவி. ஏழாவது நாளும் அவர் சுமை காக்க வேண்டாம்.

சரி, மூட்டைக்கு வருவோம்.

மலையில் இருக்கிற நாம் நம்முடைய குளிரை மனதில் வைத்துத்தான் மூட்டை கட்டுகிறோம். நுவரெலியாவுக்கு அது பொருந்தும். ஹங்வெல்லவுக்குப் பொருந்தாது. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஆறு பாகைக்கு மேல் சூடு கூடும். நீங்கள் போகிற இடமோ அவிசாவளையையும் தாண்டிய தாழ்நிலம். அங்கே பகலில் 30 பாகை சர்வசாதாரணம், புழுக்கம் வேறு. அதனால் இரண்டு பைகளாகக் கட்டுங்கள். ஸ்வெட்டர், குல்லா, ஒரு கம்பளி, ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு எல்லாம் ஒரு பையில். அது வேனிலேயே கிடக்கட்டும். சாயந்தரம் கினிகத்தேனை ஏற்றத்தில் மூடுபனிக்குள் ஏறும்போது, ஈரத்தலையோடு இருக்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டும். மற்றப் பை சின்னது. பூங்காவுக்குள் போவது அது மட்டும்தான், அதை நீங்கள்தான் தூக்குகிறீர்கள்.

உங்கள் மூட்டையில் முதலில் கழிய வேண்டியது சோற்றுப் பார்சல். விடியற்காலை இரண்டு மணிக்குச் சோறாக்கி, சூட்டோடு கட்டி, பகல் ஒரு மணிக்குப் பிரிப்பது நம் வழக்கம். மலைக் குளிரில் பலநாள் தப்பியிருக்கிறோம். கீழே தப்ப முடியாது. சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. பார்சலுக்குள் இருக்கும் வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் கறியும் தேங்காய்ச் சம்பலும் அதைவிடச் சீக்கிரம் கெடும். காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய் போடாத ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு போங்கள். கித்துல்கல பக்கம் வேனை நிறுத்திச் சாப்பிடலாம். பகல் சாப்பாட்டைச் சூடாகப் பூங்காவிலேயோ வெளியே கடையிலேயோ வாங்குங்கள். அந்தக் காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள். பகலுக்குச் சோறு இல்லை என்றாலே உங்கள் மனைவிக்கு அந்த இரவுத் தூக்கம் கிடைக்கும். நொறுக்குத் தீனிக்கு பிஸ்கட்டும் கோழிக்கூட்டு வாழைப்பழமும் போதும். குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர், ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல்.

கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். நாலைந்து ஷொப்பிங் பேக், ஒரு ஈரத்துணி, ஒரு தண்ணீர்ப் போத்தல். இவை உங்கள் மடியில் இருக்க வேண்டும், சாமான்களுக்கு அடியில் இருந்து பிரயோசனம் இல்லை. வாந்திக்கு மாத்திரை கொடுக்கிறதென்றால் நாலு வயதுக்கு என்ன அளவு என்று முதல்நாளே டொக்டரிடம் கேளுங்கள். வாந்தியில் போகிற தண்ணீரை ஈடுகட்ட, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூளும் இரண்டு பைக்கற் வையுங்கள். ஒரு பைக்கற்றை முழுசாக ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிக கவலை. வெயிலில் நிறுத்திய வேன் அடுப்பு மாதிரி ஆகிவிடும். இன்சுலினை அதில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. பாவனையில் இருக்கும் இன்சுலின் 30 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது, ஐஸ் கட்டியை நேராகத் தொட்டு உறையவும் கூடாது. துணியில் சுற்றி, குளிர்காக்கும் சின்னப் பையில் போட்டு, உங்களோடு உள்ளே கொண்டு போங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் சீனி திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். அதற்காகக் குளுக்கோஸ் அல்லது சீனி அவர் கைப்பையிலேயே இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் செருப்பு. நீச்சல் குளத்தைச் சுற்றியிருக்கும் சீமெந்துத் தரை பகலில் கொதிக்கும். சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவருக்குச் சுடுவது தெரியாது, இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். நல்ல பிடிப்புள்ள செருப்பை அவர் ஒரு நிமிடமும் கழற்றக் கூடாது.

பிள்ளைகளின் நீச்சல் உடுப்பு என்ன நிறம்? நீலமோ வெள்ளையோ என்றால் கடைக்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் அந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். செம்மஞ்சள் பளிச்சென்று தெரியும். காலையில் பிள்ளைகளை அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் தவறிவிட்டால் காட்ட உதவும். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. அதனால் நீங்களும் மனைவியும் முறை வைத்து, ஒருவர் மாறி ஒருவர் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் முறை வரும்போது போன் பைக்குள் இருக்கட்டும்.

குடை, பாய், ப்ளாஸ்க், இரண்டாவது மாற்றுடுப்பு, விளையாட்டுச் சாமான் இவற்றையெல்லாம் வீட்டில் விடலாம். தென்மேல் பருவமழை காலம்தான், ஆனாலும் எப்படியும் நனையப் போகிற இடத்தில் குடைக்கு வேலை இல்லை. புறப்படும் முதல்நாள் மட்டும் மண்சரிவு எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று வானொலிச் செய்தியில் கேளுங்கள். பூங்காவுக்கும் ஒரு கோல் எடுங்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா, பூட்டி வைக்கப் பெட்டி உண்டா, எந்தச் சறுக்கலுக்கு எவ்வளவு உயரம் வேண்டும், என்ன உடுப்போடு தண்ணீரில் இறங்க விடுவார்கள் என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏனென்றால் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் நீச்சல் உடுப்பு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், மனைவிக்கு வாங்கியதாக எழுதவில்லை. இப்படியான இடங்களில் சேலையோடும் பருத்திச் சட்டையோடும் பெரும்பாலும் குளத்தில் இறங்க விடுவதில்லை. விட்டாலும், நனைந்த பருத்தி பாரமாகிக் காலைக் கட்டும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற, முழுக்கை வைத்த நீச்சல் உடுப்பு பெண்களுக்கென்றே வருகிறது. அவர் கூச்சப்பட்டால் அது பொருத்தமாக இருக்கும். வேனுக்கு முற்பணம் கட்டப் போகிற அன்று அவரையும் டவுனுக்குக் கூட்டிப் போய், அவருக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று வாங்குங்கள்.