950 சரி, மீதி 50 என்ன?

கேள்வி: தினமும் போட்டுக்கொள்ள ஒரு பிளாட்டினம் மோதிரம் செய்யப்போகிறோம். நடுவில் ஒரு சின்ன வைரம். '950 முத்திரை இருந்தால் போதும், எல்லாம் ஒன்றுதான்' என்கிறார் கடைக்காரர். அப்படித்தானா? (வாசகி, திருச்சி)

பதில்: இல்லை. ஆயிரம் பங்கில் 950 பங்கு பிளாட்டினம் என்பதை மட்டும்தான் அந்த முத்திரை சொல்கிறது. மீதி 50 பங்கில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மோதிரம் வளைவதும் வளையாததும்.

சுத்தப் பிளாட்டினம் மிருதுவானது. அதில் 5 சதவீதம் இரிடியம் சேர்த்தால் விக்கர்ஸ் அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) கடினம் சுமார் 80. அதே 5 சதவீதம் ருதேனியம் என்றால் சுமார் 130, கோபால்ட் என்றால் சுமார் 135. பல்லேடியம் கலவை இரிடியத்தைவிடவும் மிருது. பாத்திரம் தேய்க்கும், வண்டி ஓட்டும், பை தூக்கும் கைக்கு இந்த வித்தியாசம் பெரிது. மிருதுவான கலவையில் முதலில் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். அடுத்து வைரத்தைப் பிடித்திருக்கும் கொக்கி ஒன்று புடவை நூலில் மாட்டி நிமிரும். கல் விழுந்தது பிறகுதான் தெரியும்.

எப்படிச் செய்த மோதிரம் என்பதையும் கேளுங்கள். கம்பியாகவோ குழாயாகவோ இழுத்து, அடித்து, கடைந்து செய்ததில் உலோகம் இறுகி உறுதியாக இருக்கும். அதற்கு ருதேனியம் கலவை நல்லது. அச்சில் வார்ப்பது என்றால் கோபால்ட் கலவை நன்றாக ஓடி நுணுக்கமான இடங்களையும் நிரப்பும். பிளாட்டினம் உருகவே 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும். அச்சில் ஊற்றியதும் சட்டென்று உறைந்துவிடும். அதனால் சரியாக வார்க்காத மோதிரத்தில் உள்ளே நுண்துளைகள் தங்கும். பாலிஷ் போடும்போது ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். அந்த உருப்படியை வாங்காதீர்கள்.

உங்களுக்கு என் சிபாரிசு: ருதேனியம் கலவை, உள்ளங்கைப் பக்கம் 1.8 மி.மீ. தடிமன், உட்புறம் குடையாத வளையம். எடையும் காசும் மிச்சம் என்று குடைந்து தருவதை ஒப்புக்கொள்ள வேண்டாம். தேய்வது முதலில் அந்தப் பக்கம்தான். கடைக்காரருக்குக் கலவை தெரியாவிட்டால் கேரட்மீட்டரில் (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையை அளக்கும் கருவி) வைக்கச் சொல்லுங்கள். பிளாட்டினத்துக்கும் அளவு திருத்திய கருவியாக இருந்தால் மீதி 50 என்ன என்பது சீட்டிலேயே வந்துவிடும். தங்கத்துக்கு இருப்பதுபோல் கட்டாய ஹால்மார்க் பிளாட்டினத்துக்கு இல்லாததால், அந்தச் சீட்டைப் பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஆறு மாதத்திலேயே மோதிரம் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டது. வெள்ளைத் தங்கத்தைக் கொடுத்துவிட்டார்களோ? (வாசகர், கோவை)

பதில்: பயப்படாதீர்கள், பிளாட்டினம் மங்குவது அப்படித்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒரு கீறலைப் பாருங்கள். ஏர் ஓட்டிய சால் போல நடுவில் பள்ளமும் இரு கரையிலும் மேடும் தெரியும். உலோகம் பெரும்பாலும் உதிராமல் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. அந்தக் கரைகளில் வெளிச்சம் சிதறுவதால்தான் மங்கல். வெள்ளைத் தங்கமாக இருந்தால் ரோடியம் முலாம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

பாலிஷுக்குக் கொடுத்தால், முதலில் மெருகுக் கம்பியால் அழுத்தித் தேய்த்துக் கரைகளைப் பள்ளத்துக்குள் தள்ளச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் அரம் போட்டால் அந்தக் கரைகள் தூளாகிப் போகும், எடை குறையும். தங்கத்துக்குப் பயன்படுத்திய அரமும் பாலிஷ் சக்கரமும் இதற்கு ஆகாது. ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் பாலிஷ் தேவையில்லை. ரோடியம் முலாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மோதிரம் இறுக்குகிறது. எங்கள் ஊர் பத்தரிடமே அளவு கூட்டலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தங்க வேலையில் கைதேர்ந்தவராக இருந்தாலும், இரண்டு விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எதன் மேல் வைத்துச் சூடாக்குவார்? கரிக்கட்டை மேல் என்றால் கொடுக்காதீர்கள். சூட்டில் பிளாட்டினம் கரியை இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மை அடையும். பிறகு தட்டும்போது வெடிப்பு விடும். எதை வைத்துப் பற்றவைப்பார்? தங்கப் பொடி (தங்க நகைக்கான பற்றாசு) என்றால் இணைப்பில் மஞ்சள் கோடு விழும், பிடிப்பும் பலவீனம். பிளாட்டினத் துண்டையே வைத்து லேசரில் இணைக்கும் பட்டறைதான் சரி. சூடு ஓரிடத்தில் மட்டும் விழுவதால் பெரும்பாலும் கல்லைக் கழற்ற வேண்டியதில்லை.

கேள்வி: என் 950 மோதிரத்தைக் காந்தம் லேசாக இழுக்கிறது. போலியா? (வாசகர், மதுரை)

பதில்: கோபால்ட் கலவையாக இருக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பக்கத்தில் காந்தம் கொண்டுபோனால் மெல்ல அசையும். பிளாட்டினம் அளவில் குறை இல்லை. சந்தேகம் தீரக் கேரட்மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கோபால்ட் ஒவ்வாமை உள்ள தோல் என்றால் மட்டும் ருதேனியக் கலவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.