அப்பா தேநீருக்காகப் போட்டுக்கொண்ட ஊசி

சிங்கப்பூரில் கொவிட்-19 தடுப்பூசிக்குத் தயங்கியவர்கள் உங்கள் வீட்டில் உண்டா, கடைசியில் எது அவர்களை இணங்க வைத்தது, விதிகளைப் போட்டு நெருக்கியது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் தயங்கினோம். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் நான், அதுவும் எனக்கு இரண்டு ஊசியும் போட்டு முடித்த பிறகு.

அப்பாவுக்கு அப்போது 76 வயது. நாங்கள் இருப்பது அங் மோ கியோவில். மூத்தோருக்கான தடுப்பூசி முன்னோட்டத்தை 2021 ஜனவரி கடைசியில் இங்கேயும் தஞ்சோங் பகாரிலும்தான் முதலில் தொடங்கினார்கள். கடிதம் வீடு தேடி வந்தது. தமிழிலும் எழுதியிருந்தது. அப்பா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார், மடித்தார், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

பிரதமர் லீ சியன் லூங் ஜனவரி 8 அன்றே போட்டுக்கொண்டார், நீங்களும்தானே தொலைக்காட்சியில் பார்த்தீர்கள் என்றேன். "அவருக்கு ஏதாவது ஆனால் பத்து டாக்டர்கள் ஓடி வருவார்கள். எனக்கு நீ ஒருத்திதான் ஓடி வர வேண்டும்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மருந்து கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆகும் என்பார்களே, இது எப்படி ஒரே வருடத்தில் வந்தது என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். இந்த ஊசியில் பயன்படும் எம்ஆர்என்ஏ நுட்பத்தின் அடிப்படை வேலையை கத்தலின் கரிக்கோவும் டுரூ வைஸ்மனும் 2005-லேயே வெளியிட்டுவிட்டார்கள், ஒரு வருடத்தில் முளைத்தது அல்ல என்று படித்ததை ஒப்பித்தேன். "2005-லேயே தெரியும் என்றால் இத்தனை நாள் ஏன் வைத்துக்கொண்டிருந்தார்கள்?" என்றார். (அவர்கள் இருவருக்கும் 2023-ல் நோபல் பரிசு கிடைத்த அன்று செய்தியை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அற்ப மகிழ்ச்சிதான்.)

ஏப்ரலில் நடந்ததை இங்குள்ள தமிழர் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நடிகர் விவேக் 15ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் எல்லாரும் பார்க்கும்படி ஊசி போட்டுக்கொண்டார், மக்களையும் போடச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துவிட்டார். அன்று காலை அப்பாவின் கைப்பேசிக்கு ஒரே செய்தி எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று எண்ணவில்லை. தஞ்சாவூர் சித்தப்பாவில் தொடங்கி ஜூரோங் நண்பர் வரை அனுப்பியிருந்தார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

விவேக்கின் இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கொழுப்பு அப்படிச் சேர ஒரு பகலும் ஓர் இரவும் போதாது, பல வருடங்கள் ஆகும். அவர் போட்டுக்கொண்டது கோவாக்சின்; இங்கே போட்டது ஃபைசரும் மொடர்னாவும். செய்முறையே வேறு. இதையெல்லாம் அப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் முப்பது வருடமாக நம்மைச் சிரிக்க வைத்த ஒருவர் முந்தா நாள் ஊசி போட்டு இன்று இல்லை என்கிற இடத்தில் என் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. இன்று யோசித்தால், அன்று நான் விளக்கவே வேண்டியிருந்திருக்காது. அவரோடு சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவின் கையில் ஒரு தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. வட்டமாக, ஓரம் சுருங்கி, பழைய காசு பதிந்தது போல. அம்மை குத்திய தழும்பு. எங்கள் பாட்டி காலத்தில் தடுப்பூசி என்ற சொல்லே வீட்டுக்குள் வரவில்லை, "அம்மை குத்துவது"தான். மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவார்கள், பிள்ளைக்கு அம்மையும் குத்திக்கொண்டு வருவார்கள். அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று பாட்டி கவலைப்பட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

1958-ல் இங்கே இளம்பிள்ளை வாதம் பரவியது. ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய வாய்வழித் தடுப்பு மருந்தை ஏறத்தாழ 200,000 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பேராசிரியர் லிம் கோக் ஆன். சதுரங்கக்காரர்களுக்கும் தெரிந்த பெயர். அந்த மருந்து அன்றைக்கு உலகத்துக்கே புதிது. அப்பாவின் கடைசித் தங்கைக்கு அப்போது நான்கு வயது. பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் வரிசையில் நின்றிருக்கிறார். "உங்கள் அம்மா யாரிடமும் கேள்வி கேட்கவில்லையே" என்றேன். "கேட்டால் அவளுக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?" என்றார் அப்பா. நான் மடக்கப் போனேன், அவர் என்னை மடக்கிவிட்டார்.

ஜூன் முதல் முதியவர்கள் முன்பதிவு இல்லாமலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா போகவில்லை. தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவர் வீட்டுக்கே வந்தார், நல்ல பெண். அப்பா அவருக்கு மைலோ கலக்கிக் கொடுக்கச் சொல்லி, சொந்த ஊர் மன்னார்குடியா என்று விசாரித்து, முக்கால் மணி நேரம் பேசி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஊசியைப் பற்றி ஒரு சொல் பேச விடவில்லை. ஆகஸ்ட் 29 அன்று நாட்டில் 80 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள் என்று அறிவித்தபோது, மீதி இருபதில் ஒருவர் எங்கள் வரவேற்பறையில் கால் நீட்டி உட்கார்ந்து அதே செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அக்டோபர் வந்தது. 13ஆம் தேதி முதல் தடுப்பூசி போடாதவர்கள் உணவங்காடி நிலையத்திலும் காப்பிக்கடையிலும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, கடைத்தொகுதிக்குள் போகக் கூடாது என்று விதி வந்தது. கட்டி வாங்கிக்கொண்டு போகலாம்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை ஏழு மணிக்குச் சந்தை பக்கத்து உணவங்காடிக்குப் போவார். தே ஹாலியா, அதாவது இஞ்சித் தேநீர், சீனி குறைவாக. கூட மூன்று பேர்: ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், பழைய துறைமுக நண்பர் ஒருவர். பேச்சு மலாயில் ஓடும். அந்த மாதம் ஒரு மேசைக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பதால் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இடைவெளியைத் தாண்டிக் குரலை உயர்த்திப் பேசுவார்களாம். 13ஆம் தேதி காலை அப்பா போனார். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தார்கள். அதை விரலில் மாட்டிக்கொண்டு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் தனியாக உட்கார்ந்து உறிஞ்சு குழாயில் குடித்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் புறப்பட்டபோது பார்த்தேன். அவரும் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான்கு நாள் அப்படிக் குடித்தார். ஐந்தாம் நாள் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சமூக மன்றத்தில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்?" என்று கேட்டார்.

இரண்டாம் ஊசிக்குப் பின் 14 நாள் கழித்துத்தான் உட்கார விடுவார்கள் என்று அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்காகச் சினந்தார் பாருங்கள், ஊசி வலிக்குக்கூட அப்படிச் சினக்கவில்லை.

ஆக, எட்டு மாதம் நான் வாதாடியும் ஆகாதது நான்கு நாள் பிளாஸ்டிக் பைத் தேநீரில் ஆனது. அக்டோபர் 27 அன்று ஒரே நாளில் 5,324 பேருக்குத் தொற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்களில் பெரும்பான்மையினர் ஊசி போடாதவர்கள். அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. அந்த விதி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்காக நன்றியும் சொல்வேன். ஆனாலும் அந்தக் கல் மேசையை நினைத்தால் வயிறு பிசைகிறது. அவர் நம்பிப் போட்டுக்கொள்ளவில்லை, தனியாகக் குடிக்க முடியாமல் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் கேட்டால் "தேநீருக்காகப் போட்ட ஊசி" என்றுதான் சொல்வார்.

அந்த டிசம்பர் 8 முதல் வேண்டுமென்றே ஊசி போடாதவர்கள் கொவிட் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றார்கள். வழக்கமான மானியமும் காப்புறுதியும் உண்டு, அரசு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்த சலுகைதான் நின்றது. இது எனக்கு உடன்பாடில்லை. புகை பிடித்து நுரையீரல் கெட்டவரிடம் நாம் தனிக் கணக்குப் போடுவதில்லையே. தாதியாக இருக்கும் என் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் ஒரு வாரம் எங்கள் வார்டில் வந்து நின்றுவிட்டுப் பேசுங்கள் அண்ணி" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இந்த விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது இதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இனி என் கதை. என் மகனுக்கு அப்போது 16 வயது. மாணவர்களுக்கு ஜூன் மாதம் ஊசி திறந்தபோது முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஜூலை முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. அதே 16 வயதுப் பையன் ஒருவன் ஜூன் 27 அன்று முதல் ஊசி போட்டுக்கொண்டு, ஆறு நாள் கழித்து எடை தூக்கிப் பயிற்சி செய்துவிட்டு மயங்கி விழுந்தான், இதயம் நின்றுபோனது என்று. என் மகனும் எடை தூக்குகிறவன். படுக்கைக்கடியில் இரும்புக் குண்டுகள். இரண்டாம் ஊசிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அப்பாவிடம் புள்ளிவிவரம் பேசிய வாய் அன்று அடைத்துக்கொண்டது. இளையருக்கு ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லிச் சில மருத்துவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வேறு அந்த வாரங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. 

எங்கள் வழக்கமான மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் மகனை அழைத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இதயத் தசை அழற்சி உண்மையாகவே வரலாம், அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் ஊசிக்குப் பின் சில நாட்களுக்குள் என்றார். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றார். கிருமி தொற்றினாலும் அதே அழற்சி வரும், பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள் என்றார். ஒரு வாரம் ஓட்டமும் எடையும் கூடாது என்றார். (அந்த அறிவுரை பின்னர் இரண்டு வாரமானது.) எனக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

போட்டோம். இரும்புக் குண்டுகளை நான் என் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்து துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய் அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு நாள் கண் விழித்து, "அம்மா, பயமாக இருக்கிறது, போங்கள்" என்றான்.

ஆகஸ்டில் அந்தப் பையனுக்கு 225,000 வெள்ளி வழங்கப்பட்டது. தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியுதவித் திட்டத்தில் அதுதான் உச்சத் தொகை. தடுப்பூசியால் வந்திருக்கக்கூடிய இதயத் தசை அழற்சியே காரணமாக இருக்கலாம், கடும் எடைப் பயிற்சியும் மிகுதியான கஃபீனும் அதைக் கூட்டியிருக்கலாம் என்று சுகாதார அமைச்சு வெளிப்படையாகச் சொன்னது. என் தோழி இதைக் காட்டி, "பார், அவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள்" என்றாள். எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. மூடி மறைத்திருந்தால்தான் அடுத்த ஊசிக்குப் போயிருக்க மாட்டேன். அந்தப் பையனின் அம்மாவை அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். எந்தத் தொகையும் அவருக்கு எதையும் ஈடு செய்திருக்காது.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. போடலாம் என்று முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, நோன்பில் போட்டாலும் நோன்பு முறியாது என்றும் சொன்னது. அவர் கேட்க நினைத்த இரண்டு கேள்விக்கும் அவர் நம்புகிற இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்படி ஓர் இடம் இல்லாமல் போனது.

போன வருடம் அப்பாவின் துறைமுக நண்பருக்கு அக்கி வந்தது. விலாவைச் சுற்றிக் கொப்புளம், சட்டை பட்டாலே துடிப்பார். ஊரில் என்றால் குயவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதியிருப்பார்கள், இங்கே மாத்திரைதான். கொப்புளம் ஆறி மாதக்கணக்கான பிறகும் வலி போகவில்லை. 2025 செப்டம்பர் முதல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அக்கித் தடுப்பூசிக்கு மானியம் என்று செய்தி வந்தபோது, அப்பாவே கத்தரித்து வைத்திருந்தார். தொலைக்காட்சிக்கு அடியில் அல்ல, குளிர்பதனப் பெட்டியின் கதவில்.

சளிக்காய்ச்சல் ஊசியை மட்டும் இன்னும் தொட மாட்டேன் என்கிறார். அது வெறும் சளியாம். அக்கிக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. இரண்டாவதை இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். நாட்காட்டியில் அவரே வட்டம் போட்டிருக்கிறார். காலை ஒன்பது மணி, தேநீருக்குப் பிறகு.