நட்டப் பங்கை அப்படியே டிஎஃப்எஸ்ஏக்கு மாற்றலாமா?

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். சாதாரண முதலீட்டுக் கணக்கில் ஒரு நிறுவனத்தின் 500 பங்குகள் உண்டு. 20 டாலருக்கு வாங்கியது, இப்போது 12. கட்டாயம் ஏறும் என்று நம்புகிறேன். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏயில் (TFSA) இன்னும் போட இடம் இருக்கிறது. பங்கை அப்படியே அங்கே மாற்றி, 4,000 டாலர் நட்டத்தை வரியில் காட்டலாமா? 2024இல் வேறு பங்கில் 5,000 டாலர் லாபம் வந்து வரி கட்டினேன். மனைவியின் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பியிலும் (RRSP) இதே பங்கு உண்டு. நிறுவனம் தரும் டிவிடெண்ட் பணத்துக்கு அந்தக் கணக்கு தானாகவே அதே பங்கை வாங்கும்.

பதில்: மாற்றலாம், நட்டத்தைக் காட்ட முடியாது. மாற்றிய அன்றே அந்த 4,000 டாலர் வரிக்கணக்கைப் பொறுத்தவரை செத்துப்போகும். ஆர்ஆர்எஸ்பிக்கு மாற்றினாலும் இதே கதிதான். லாபத்தில் நிற்கும் பங்கை மாற்றினால் மட்டும், சந்தை விலைக்கு விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். ஒருதலைப்பட்சம்தான், ஆனால் சட்டம் அது.

அதனால் முதலில் விற்றுவிடுங்கள். கிடைக்கும் 6,000 டாலரைக் காசாக டிஎஃப்எஸ்ஏயில் போடுங்கள், அதற்குக் காத்திருக்க வேண்டாம். காத்திருக்க வேண்டியது அதே பங்கைத் திரும்ப வாங்கத்தான். விற்பதற்கு முன் 30 நாள், பின் 30 நாள், இந்த இடைவெளியில் நீங்களோ மனைவியோ உங்கள் இருவரின் டிஎஃப்எஸ்ஏ, ஆர்ஆர்எஸ்பி கணக்குகளோ அதை வாங்கி, பின் வரும் 30ஆவது நாள் முடிவிலும் வைத்திருந்தால் நட்டம் மறுக்கப்படும். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கமாட்டேன், ஐந்து வாரம் கழித்தே வாங்கச் சொல்வேன். அதுவரை சும்மா இருக்க மனமில்லையென்றால் அதே துறையில் வேறு நிறுவனத்தின் பங்கை வாங்குங்கள், தடையில்லை.

மனைவியின் கணக்கைச் சொன்னது நல்லதாயிற்று. பலர் வழுக்கி விழும் இடம் அது. அந்த இடைவெளியில் டிவிடெண்டுக்கு 4 பங்கு வந்து சேர்ந்தால், 4 பங்கின் நட்டமான 32 டாலர் போகும். சின்னத் தொகைதான், ஆனாலும் அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்.

இப்படிப் பங்கை விற்று வரும் மூலதன நட்டத்தை மூன்று வருடம் பின்னோக்கிக் கொண்டுபோகலாம், முன்னோக்கி எத்தனை வருடமும் போகலாம். இந்த வருடம் வேறு லாபம் இல்லையென்றால் 4,000ஐ 2024 லாபத்தில் கழியுங்கள். லாபத்தில் பாதிக்குத்தான் வரி என்பதால், உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கான வரிவீதம் 30 சதவீதமானால் 600 டாலர் திரும்பும். 2024 வரி ரிட்டர்னைத் திருத்த வேண்டாம். விற்ற வருடத்துக்கான ரிட்டர்னோடு நட்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோகக் கேட்கும் டி1ஏ (T1A) படிவத்தை அனுப்பினால் போதும்.