முதுகில் குழந்தை, காலடியில் மலைப்பாதை: ஃபிரேம் கேரியர் குறித்த கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதக் குழந்தையுடன் மலைப்பாதைகளில் நடக்க எண்ணுகிறோம். எந்த கேரியர் வாங்கலாம்? கணவரும் நானும் மாறி மாறிச் சுமப்போம்; அவர் என்னைவிட ஒரு சாண் உயரம்.

பதில்: முதலில் உங்கள் இருவரின் முதுகையும் அளந்துகொள்ளுங்கள். தலையைக் குனியும்போது கழுத்தின் அடியில் துருத்தித் தெரியும் எலும்பிலிருந்து, இரு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரை உள்ள நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆள் உயரமாக இருந்தாலும் முதுகு குட்டையாக இருக்கக்கூடும். டாய்ட்டர், ஆஸ்ப்ரே, தூலே ஆகிய நிறுவனங்களின் ஃபிரேம் கேரியர்களில் (சட்டகத்தில் பொருத்திய இருக்கையில் குழந்தையை உட்கார வைத்து முதுகில் சுமக்கும் பை) முதுகு நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்கள் இருவரின் அளவும் அந்த வரம்புக்குள் வருகிறதா, வழியில் ஆள் மாறும்போது அதைச் சிரமமின்றி மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வெறும் பையை மாட்டிக் கண்ணாடி முன் நின்று பார்ப்பதில் எதுவும் தெரியாது. பத்துக் கிலோ எடையை உள்ளே வைத்து, எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு அணியுங்கள். இடுப்பு பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள்வார், அதன்பின் தோளுக்கு மேலிருந்து ஃபிரேமுக்குச் சாய்வாகச் செல்லும் சிறிய வார், கடைசியாக மார்புவார். சரியாகப் பொருந்தினால், தோள்வாருக்கும் தோளுக்கும் இடையே விரல்களை எளிதாக நுழைக்க முடியும். எடையில் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கியிருக்கும். அப்படியே இருபது நிமிடம் நடந்து, படியும் ஏறிப் பாருங்கள். எங்கே உறுத்துகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: குழந்தையைச் சுமந்திருக்கும்போது இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள். குழந்தையை இருக்கையோடு பிணைக்கும் உள்வார் தளர்வாக இருந்தால் குழந்தை உங்கள் தலைக்கு மேலாக முன்னே சரிந்துவிடும். முழங்காலை மடக்கியே தாழ வேண்டும்.

கேள்வி: எந்த மாதத்திலிருந்து உட்கார வைக்கலாம்?

பதில்: மாதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பிடிமானம் இல்லாமல் தானே நிமிர்ந்து உட்காரவும், கழுத்தை உறுதியாக நிறுத்தவும் குழந்தைக்கு வர வேண்டும். நிறுவனம் குறிப்பிடும் குறைந்தபட்ச எடையும் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகே இவை கூடிவரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கேள்வி: நடக்கும்போது மகள் தூங்கிவிடுகிறாள், தலை ஒரு பக்கம் தொங்குகிறது. கால்களும் சில்லென்று இருக்கின்றன.

பதில்: இரண்டையும் கவனித்தது நல்லது. தலை பக்கவாட்டில் சாய்வதைவிட, முகவாய் மார்பில் படிந்து மூச்சுவழி மடங்குவதே கவலைக்குரியது. முன்னே இருக்கும் மெத்தையில் கன்னம் சாயும் அளவுக்கு இருக்கையின் உயரத்தைக் கூட்டுங்கள். முதுகில் இருப்பவளின் முகம் உங்களுக்குத் தெரியாது. ஆகவே துணைக்கு வருபவர் அடிக்கடி பார்க்க வேண்டும், தனியாகப் போனால் சிறு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் குளிர்வதற்குக் காரணம் எளியது. நீங்கள் நடந்து வியர்க்கிறீர்கள். அவளோ அசையாமல் இருக்கிறாள். உங்களுக்குச் சட்டையே மிகையாகத் தோன்றும் வேளையில் அவளுக்கு ஓர் அடுக்கு கூடுதலாகத் தேவைப்படலாம். அதோடு, குழந்தை பாதம் ஊன்றும் கால் தாங்கி இல்லாமல் தொங்கும் கால்களில் தொடையின் அடிப்பகுதி அழுந்தி இரத்த ஓட்டம் குறையும். முழங்கால் இடுப்பளவுக்கு உயரும்படி தாங்கியைச் சரிசெய்து, அரைமணி அல்லது முக்கால் மணிக்கு ஒருமுறை இறக்கிவிட்டுக் கால்களை உதைக்க விடுங்கள்.

கேள்வி: எடை வரம்பெல்லாம் நிறுவனங்கள் வழக்குக்குப் பயந்து போடுவது. என் மகனுக்கு நான்கு வயது, 18 கிலோ. நன்றாகவே சுமக்கிறேன்.

பதில்: வரம்பு எதையெல்லாம் சேர்த்தது என்று படித்தீர்களா? 22 கிலோ என்றால், சில கேரியர்களில் அது குழந்தை, சாமான், பை மூன்றும் சேர்ந்த எடை. பையே மூன்றரைக் கிலோ இருக்கும். உங்கள் மகனையும் சேர்த்தால் 21.5. ஒரு லிட்டர் தண்ணீர் வைத்ததும் வரம்பு தாண்டிவிடுகிறது.

கேள்வி (அவரே): மலையேறுபவர்கள் இதைவிட அதிகம் சுமக்கிறார்களே?

பதில்: அவர்கள் சுமக்கும் மூட்டை, பறவையைப் பார்த்துத் திடீரென இடப்பக்கம் சாய்வதில்லை. ஃபிரேம் கேரியரில் குழந்தை உயரத்தில், உங்கள் முதுகை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அது அசைந்தால் உங்கள் நிலையும் அசையும். இறக்கத்தில் ஈரப்பாறையில் கால் வழுக்கும் நொடியில் உங்கள் தோள்வலிமை உதவாது. நான்கு வயதுச் சிறுவனை நடக்க விடுங்கள். ஏற்றம் குறைந்த பாதையாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் ஃபிரேமே வேண்டாம், துணிக் கேரியர் போதும் என்றுதானே ஆகிறது? குழந்தை உடலோடு ஒட்டி, தாழ்வாக இருக்கும்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கரடுமுரடான குறுகிய பாதையிலும், கிளைகள் தாழ்ந்த காட்டிலும் துணிக் கேரியரே மேல். ஃபிரேமில் குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்பதால், நீங்கள் தப்பிய கிளை குழந்தையின் முகத்தில் அடிக்கும். தொடையைத் தாங்கி, கால்களை விரித்து மடக்கி வைக்கும் வடிவம் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. ஆனால் வெயிலில் மூன்று மணி நேரம் நடந்தால் இருவர் வியர்வையும் ஒன்றாகிவிடும், நிழற்கூரை இருக்காது, தண்ணீரும் மாற்றுடையும் தனிப் பையில் வர வேண்டும். அகலமான பாதை, நீண்ட நடை, எட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் ஃபிரேமையே எடுப்பேன். நல்ல ஃபிரேமிலும் இருக்கை அகலமாகவும் கால் தாங்கியோடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (அவரே): ஃபிரேமை ஆதரிப்பவர்கள் வசதியைத்தான் பார்க்கிறார்கள்.

பதில்: சுமப்பவர் களைத்தால் விழுவார். அவருடைய வசதியும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

கேள்வி: பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், சோதித்த பிறகு. ஐரோப்பிய ஈஎன் 13209-1 அல்லது அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2549 தரக் குறியீடு சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மாடலின் பெயரையும் தயாரிப்பு ஆண்டையும் வைத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2012 முதல் 2014 வரை தயாரான ஆஸ்ப்ரே போக்கோ கேரியர்களில் கால் திறப்பு வழியாகச் சிறு குழந்தை நழுவக்கூடும் என்று அறிவித்து, கூடுதல் இருக்கைத் திண்டை நிறுவனமே இலவசமாகத் தந்தது. அந்தத் திண்டு இல்லாமல் விற்கப்பட்டால் வாங்க வேண்டாம். பக்கிள் ஒவ்வொன்றையும் பூட்டி இழுத்துப் பாருங்கள். தையல் நைந்திருந்தால் பேரத்துக்கே இறங்காதீர்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்கு ஆகுமா?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: கேரியரை நிறுத்தி வைக்க அடியில் தாங்குகால் இருப்பதால், உணவகத்தில் மேசைமேல் நிறுத்திக் குழந்தைக்கு ஊட்டலாமா?

பதில்: கூடாது. தரையில், சமதளத்தில், ஒரு கை ஃபிரேமைப் பிடித்திருக்க மட்டுமே. குழந்தையை ஏற்றி இறக்குவதற்காகத்தான் அந்தக் கால். அது நாற்காலி ஆகாது. குனியும் விஷயத்தையும் மீண்டும் சொல்கிறேன்: முழங்காலை மடக்குங்கள்.

கேள்வி: கார் பயணத்தில் இருக்கைக்குப் பதிலாக இதையே பயன்படுத்தலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. மிதிவண்டியிலும் கூடாது.

கேள்வி: ஏழு மாதம் ஆகிறது, உட்கார வைத்தால் சாய்கிறாள். தொடங்கலாமா?

பதில்: சாய்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காத்திருங்கள்.

கேள்வி: எப்படித் துவைப்பது?

பதில்: குழந்தையின் முகத்துக்கு முன்னே இருக்கும் எச்சில் மெத்தை கழன்று வந்தால் அதை மட்டும் அடிக்கடி அலசுங்கள். மற்றப் பகுதிகளை மிதமான சோப்பு நீரில் கையால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் உள்வார்களைக் குழந்தையின் தோளளவுக்குப் புதிதாகச் சரிசெய்யுங்கள். துடைக்கும்போது அவை நகர்ந்திருக்கும்.