காலம் (கான்கிரீட் தூண்) அடியில் ஜல்லி தெரிகிறது: பூசி மறைக்கலாமா?

கேள்வி: 10 அடி உயர காலத்துக்கு மேலிருந்து ஒரே மூச்சில் கான்கிரீட் போட்டார்கள். பலகை பிரித்ததும் அடியில் ஒரு அடி உயரத்துக்கு ஜல்லி வெறுமனே தெரிகிறது. 'சிமென்ட் பூசிவிட்டால் சரியாகிவிடும்' என்கிறார் மேஸ்திரி. போதுமா?

போதாது. பூசினால் பார்வைக்கு மறையும், பொந்து உள்ளேயே இருக்கும். ஈரமும் காற்றும் அதன் வழியே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

முதலில் ஆழம் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் இடத்தையெல்லாம் உளியால் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பி தெரியவில்லை என்றால் தூசியைக் கழுவி, ஈரப்படுத்தி, பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டரால் அடைத்து 7 நாள் நனைத்தால் போதும். உளி கம்பிக்குப் பின்னாலும் போகிறதா? வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மேலே தளம் போட்டாயிற்று என்றால் முட்டுக் கொடுக்காமல் இனி ஒரு துண்டும் கொத்தக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்த பிறகே மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி கலந்த, தானே பாய்ந்து நிரம்பும் ரிப்பேர் கான்கிரீட்). தளம் இன்னும் போடவில்லை என்றால், அந்தக் காலத்தை இடித்து மறுபடி போடுவதே பெரும்பாலும் மலிவு.

இது ஏன் வந்தது? கலவை உயரத்திலிருந்து விழும்போது ஸ்டிரப்பில், அதாவது கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையங்களில், மோதுகிறது. ஜல்லி தெறித்துத் தனியாக அடியில் போய்ச் சேர, மணலும் சிமென்ட் பாலும் கம்பியிலும் பலகையிலும் ஒட்டிக்கொள்கின்றன. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456-இன் விதி 1.5 மீட்டருக்கு, அதாவது சுமார் 5 அடிக்கு மேல் விழ விடாதே என்பது இதற்காகத்தான். அடிப்பலகையில் சந்து இருந்தால் மிச்சப் பாலும் அதில் ஒழுகிவிடும்.

தண்ணீர் இன்னொரு காரணம். எம்20 (கான்கிரீட்டின் ஒரு வலிமைத் தரம்) கலவைக்கு ஒரு மூட்டை சிமென்டுக்கு (50 கிலோ) 27 லிட்டர் போதும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். ஆனால் சைட்டில் 'இளக்கமா இருக்கட்டும்' என்று ஹோஸைத் திறந்துவிடுவார்கள், அளவு யாருக்கும் தெரியாது. கலவையைத் தகரத்தில் கொட்டிப் பாருங்கள்: ஜல்லி நடுவில் குவிந்து, சுற்றிலும் சாம்பல் நீர் ஓடினால் அது காலத்துக்கு ஆகாது.

வைப்ரேட்டர் (கலவையை அதிரவைத்து இறுக்கும் கருவி) அதிகமானாலும் கெடும். ஜல்லி அடியில் இறங்க, மேலே வெறும் பால் நிற்கும். அதன் ஊசியை நேராக இறக்கி, குமிழ் வருவது நிற்கும்வரை, ஏறத்தாழ 10 விநாடி வைத்து மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். ஊசியால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளவே கூடாது.

அடுத்த காலத்துக்கு ஒரு பக்கப் பலகையை 5 அடியோடு நிறுத்தி, அந்த வாய் வழியே கீழ்ப்பாதியைப் போடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் அடியில் 2 அங்குலம், அதே விகிதத்தில் ஜல்லியில்லாத சிமென்ட் மணல் கலவை. பிறகு ஒன்றரை அடிக்கு ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் ஊசி கீழ் அடுக்குக்குள் 4 அங்குலம் இறங்க வேண்டும். கீழ்ப்பாதி முடிந்ததும் பலகையை அடைத்து உடனே மேல்பாதி. கம்பி நெருக்கமாக இருந்தால் 20 மி.மீ. ஜல்லியை விட்டு 12 மி.மீ. கேளுங்கள்.