மண் ஈரமானி: மணலுக்கு ஒன்று, களிக்கு ஒன்று

கேள்வி: ஐயா, களுவாஞ்சிக்குடியிலுள்ள எமது கச்சான் தோட்டத்து மணலில் சரியாகக் காட்டும் மின்காந்த ஈரமானி, சம்மாந்துறை வயற்களியில் ஊன்றினால், தொட்டுப் பார்க்கையில் உலர்ந்திருக்கும் மண்ணுக்கும் கூடிய ஈரத்தையே காட்டுகிறது. கருவி பழுதா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். இக்கருவி நீரை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின்கோடுபுகு மாறிலியை, அதாவது மின்புலத்தில் மண் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் எண்ணை, அறிந்து, அதிலிருந்தே ஈரத்தைக் கணிக்கிறது. அம்மாறிலி நீருக்கு ஏறத்தாழ 80, உலர்ந்த மண்கனியங்களுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. ஆனால் களியும் உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால், தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவிகள் அதையும் ஈரமாகவே கணக்கிட்டுவிடுகின்றன. 1980இல் கனடாவில் மண்ணியலாளர் டொப் குழுவினர் வெளியிட்ட, இம்மாறிலியிலிருந்து ஈரத்தைக் கணிக்கும் பொதுச் சமன்பாடும் களி மிகுந்த மண்ணில் தவறக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியே அளவுதிருத்தம் செய்யுங்கள். மண்ணை உலர்த்திச் சலித்து, நீர் கலந்து, ஓரிரவு மூடிவைத்து, வயலிலுள்ள இறுக்கத்திற்கே வாளியில் அமுக்கி, கருவியின் வாசிப்பைக் குறியுங்கள். பின்னர் 100 கன சென்ரிமீற்றர் வளையத்தால் மண்ணெடுத்து நிறுத்து, 105 பாகை செல்சியஸ் போறணையில் 24 மணிநேரம் உலர்த்தி மீண்டும் நிறுங்கள். 182 கிராம் 152 ஆகக் குறைந்தால், இழந்த நீர் 30 கிராம், அதாவது 30 கன சென்ரிமீற்றர்; எனவே கனவளவு ஈரம் 30 சதவீதம். உலர்நிலையிலிருந்து நிரம்பல்நிலை வரை ஐந்தாறு ஈரமட்டங்களில் இவ்வாறு செய்து, வாசிப்பையும் ஈரத்தையும் வரைபடமாக்கினால், அந்த மண்ணுக்குரிய கோடு கிடைத்துவிடும்.

ஊசிகளைச் சுற்றி இடைவெளி விடாதீர்கள். வெடித்த களியில் காற்றுப் புகுந்தால் வாசிப்பு குறைந்துவிடும். வாவியோரக் கிணறுகளில் உவர் ஏறுவதுண்டு என்பதால், கலக்கும் நீர் குழாய்நீராக அல்லாமல் நீங்கள் பாய்ச்சும் நீராகவே இருக்கட்டும்.